கத்தியின்றி முகச்சுருக்கம் நீக்கும் சிகிச்சை: சந்தேகங்களும் விளக்கங்களும்

முகத்தில் விழும் சுருக்கத்தையும் தொங்கலையும் அறுவை சிகிச்சை இல்லாமல் ஊசி, நூல், ஒலி அலை கொண்டு சரிசெய்யும் முறைகள் பெருநகரங்களில் பரவிவிட்டன. உத்திரமேரூர் வட்டாரத்தில் உள்ள காவாந்தண்டலம் போன்ற சிற்றூர்களில் இருப்போரின் கைப்பேசிக்கும் இவற்றின் விளம்பரங்கள் இப்போது வருகின்றன. ஒரே அமர்வில் இளமை திரும்பும் என்று அவை சொல்கின்றன. சிகிச்சையை யார் செய்யலாம், எவ்வளவு செலவாகும், பலன் எத்தனை மாதம் நிற்கும், தவறு நேர்ந்தால் எங்கே முறையிடுவது என்பதை அவை பெரும்பாலும் சொல்வதில்லை. பொதுமக்களிடம் எழும் சந்தேகங்களும் அவற்றுக்கான விளக்கங்களும் இங்கே தரப்படுகின்றன.

அடிப்படை விவரங்கள்

ஃபேஸ்லிஃப்ட் என்கிறார்களே, அது என்ன?
காதோரத்தில் தோலைக் கீறி, உள்ளே தளர்ந்த திசுக்களை மேலே இழுத்துத் தைத்து, மிஞ்சிய தோலை வெட்டி நீக்கும் அறுவை சிகிச்சைக்கு ஃபேஸ்லிஃப்ட் என்று பெயர். மயக்க மருந்து கொடுத்துச் சில மணி நேரம் செய்யப்படும். வீக்கமும் கன்றலும் வடிந்து வழக்கமான வேலைக்குத் திரும்ப 2 முதல் 4 வாரங்கள் ஆகலாம். இதன் பலன் பல ஆண்டுகள் நீடிக்கும்.

அறுவை இல்லாமல் செய்பவை எவை?
இவற்றை நான்கு வகையாகப் பிரிக்கலாம். தசையைத் தளர்த்தும் போட்டாக்ஸ் ஊசி, பள்ளத்தை நிரப்பும் ஃபில்லர் ஊசி, தோலுக்கு அடியில் செலுத்தி இழுக்கும் நூல், ஒலி அலை அல்லது ரேடியோ அலையின் வெப்பத்தால் தோலை இறுக்கும் கருவி ஆகியவையே அவை. பெரும்பாலும் மரத்துப்போகும் களிம்பு அல்லது ஊசி மட்டும் போட்டுச் செய்யப்படுவதால், அன்றே வீடு திரும்பலாம்.

முகம் ஏன் சுருங்குகிறது?
மூன்று காரணங்கள் ஒன்றுசேர்கின்றன: ஒரே தசை திரும்பத் திரும்ப இயங்குவதால் விழும் கோடு, கன்னத்தின் கொழுப்பும் எலும்பும் குறைவதால் ஏற்படும் பள்ளம், தோலின் கொலாஜன் தேய்வதால் வரும் தொங்கல். வெயிலும் புகைப்பழக்கமும் இவற்றை விரைவுபடுத்தும். நாற்று நடவு, களையெடுப்பு என்று நாள் முழுவதும் வெயிலில் நிற்போருக்கு நெற்றியிலும் கண்ணோரத்திலும் கோடுகள் முன்னதாகவே விழுவது இதனால்தான்.

இவை ஃபேஸ்லிஃப்டுக்குச் சரியான மாற்று ஆகுமா?
முழு மாற்று ஆகாது. மேற்சொன்ன மூன்று காரணங்களில் ஏதேனும் ஒன்றை மட்டுமே ஒவ்வொரு சிகிச்சையும் சரிசெய்யும். அதுவும் சில காலத்துக்கே. கழுத்துத் தோல் அதிகம் தொங்கி, தாடை ஓரம் மடிந்துவிட்ட நிலையில் ஊசியோ நூலோ பெரிய மாற்றம் தராது. ஆரம்ப, நடுத்தர நிலைச் சுருக்கங்களுக்கே இவை ஏற்றவை.

போட்டாக்ஸ் ஊசி

போட்டாக்ஸ் என்பது விஷம் என்கிறார்கள், உண்மையா?
பொட்டுலினம் என்ற கிருமி உண்டாக்கும் நச்சுப்பொருளைச் சுத்திகரித்து, மிக நுண்ணிய அளவில் மருந்தாக்கியதே இது. போட்டாக்ஸ் என்பது ஒரு நிறுவனத்தின் வணிகப் பெயர். வேறு பெயர்களிலும் இம்மருந்து விற்கப்படுகிறது. நரம்பிலிருந்து தசைக்குச் செல்லும் கட்டளையைத் தற்காலிகமாக நிறுத்துவதால் தசை தளர்ந்து, மேலுள்ள கோடு மறைகிறது. சரியான அளவில், சரியான இடத்தில் போட்டால் மருந்து. அளவோ இடமோ தவறினால் ஆபத்து.

இது புதிய மருந்தா?
புதியது அல்ல. மாறுகண், கண் இமைத் துடிப்பு ஆகிய நோய்களுக்காக அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 1989 டிசம்பரில் இதற்கு அனுமதி அளித்தது. இமைத் துடிப்புக்கு ஊசி போட்டவர்களின் புருவ இடைக் கோடுகளும் மறைவதைக் கனடாவின் வான்கூவர் நகரைச் சேர்ந்த கரதர்ஸ் மருத்துவத் தம்பதி கவனித்து, 1992-ல் கட்டுரையாக வெளியிட்டனர். புருவ இடைச் சுருக்கத்துக்கான அழகுச் சிகிச்சை அனுமதி 2002 ஏப்ரலில் கிடைத்தது.

எத்தனை இடத்தில், எவ்வளவு மருந்து போடுவார்கள்?
போட்டாக்ஸ் மருந்தின் அங்கீகரிக்கப்பட்ட குறிப்பின்படி, புருவ இடைக் கோட்டுக்கு 5 இடங்களில் தலா 4 யூனிட் வீதம் 20 யூனிட் போட வேண்டும். நெற்றிக் கோட்டுக்கு 20 யூனிட்டும், இரு கண்ணோரங்களுக்கும் சேர்த்து 24 யூனிட்டும் குறிக்கப்பட்டுள்ளன. ஒரு வணிகப் பெயரின் யூனிட் கணக்கு இன்னொன்றுக்குப் பொருந்தாது. எனவே எந்த மருந்து, எத்தனை யூனிட் என்ற இரண்டையும் ரசீதில் எழுதி வாங்குவது அவசியம்.

பலன் எப்போது தெரியும், எவ்வளவு காலம் நிற்கும்?
ஊசி போட்ட சில நாட்களில் மாற்றம் தொடங்கி, ஏறத்தாழ 2 வாரங்களில் முழுப் பலன் தெரியும். 3 முதல் 4 மாதங்களில் தசை பழைய நிலைக்குத் திரும்பிவிடும். 3 மாதங்களுக்குள் மறு ஊசி போடக் கூடாது என்பது மருந்துக் குறிப்பின் நிபந்தனை.

பாதியில் நிறுத்தினால் முகம் முன்பைவிட மோசமாகுமா?
ஆகாது. மருந்தின் வேலை முடிந்ததும் பழைய கோடுகள் மெல்லத் திரும்பும். அவை கூடுதல் ஆழமாவதில்லை. சில மாதங்கள் கோடில்லாத முகத்தைப் பார்த்துப் பழகியதால், திரும்பி வந்த கோடுகள் அதிகமாகத் தோன்றக்கூடும்.

என்ன பக்கவிளைவு வரும்?
ஊசி போட்ட இடத்தில் வலி, சிறு ரத்தக்கட்டு, தலைவலி ஆகியவை ஓரிரு நாளில் சரியாகும். மருந்து பக்கத்துத் தசைக்குப் பரவினால் கண் இமை தொங்கலாம். அது சில வாரங்களில் தானாகவே நீங்கும். விழுங்கவோ பேசவோ மூச்சுவிடவோ சிரமம் ஏற்பட்டால் மருந்து உடலில் தொலைவுக்குப் பரவியிருக்கலாம் என்று பொருள். ஊசி போட்டுச் சில வாரங்கள் கழித்துக்கூட இது வரலாம் என்பதால், அறிகுறி தெரிந்த உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

ஃபில்லர் ஊசி

ஃபில்லர் என்பது எது?
கன்னம், மூக்கோர மடிப்பு, உதடு ஆகிய இடங்களில் குறைந்த சதையளவை நிரப்பும் கூழ்ம ஊசி இது. பெரும்பாலும் ஹயலுரோனிக் அமிலம் பயன்படுத்தப்படுகிறது; நீரைப் பிடித்துவைக்கும் இப்பொருள் மனித உடலிலேயே இயல்பாக உள்ளது. போட்டாக்ஸ் தசையைத் தளர்த்தும், ஃபில்லர் பள்ளத்தை நிரப்பும். பலன் உடனே தெரியும். ஊசியின் வகையையும் இடத்தையும் பொறுத்து 6 முதல் 18 மாதங்கள் நிற்கும்.

பிடிக்கவில்லை என்றால் எடுத்துவிட முடியுமா?
ஹயலுரோனிக் அமில ஃபில்லரை, ஹயலுரோனிடேஸ் என்ற மருந்தை ஊசியாகப் போட்டுக் கரைத்துவிடலாம். கால்சியம் சார்ந்தவை, பாலி லாக்டிக் அமிலம் சார்ந்தவை போன்ற பிற ஃபில்லர்களை இவ்வாறு கரைக்க வழியில்லை. ஆகவே முதல்முறை செய்வோர் எந்த வகை ஃபில்லர் என்பதை முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

ஃபில்லரால் பார்வை போகும் என்பது உண்மையா?
அரிதாக நடக்கிறது, ஆனால் உண்மை. முகத்தின் ரத்தக் குழாய்கள் கண்ணுக்குச் செல்லும் குழாய்களோடு இணைந்துள்ளன. ஃபில்லர் தவறுதலாகக் குழாய்க்குள் போனால் ரத்த ஓட்டம் அடைபட்டு நிரந்தரப் பார்வை இழப்போ பக்கவாதமோ ஏற்படலாம். புருவ இடை, மூக்கு, நெற்றி ஆகியவை இதில் ஆபத்து மிகுந்த இடங்கள்.

எந்த அறிகுறி தெரிந்தால் உடனே ஓட வேண்டும்?
ஊசி போடும்போதோ அதன் பிறகோ கடும் வலி, தோல் வெளுத்தல், வலைபோல நீலம் பாய்தல், கண் மங்கல் ஆகியவற்றில் எது வந்தாலும் அது அவசர நிலை. தோலின் ரத்தக் குழாய் அடைப்பின் அறிகுறிகள் சில மணி நேரம் கழித்தும் தெரியலாம் என்பதால், முதல் ஒரு நாளுக்கு மருத்துவரைத் தொடர்புகொள்ளும் எண் கையில் இருக்க வேண்டும். கண் மங்கினால் 108 ஆம்புலன்ஸை அழைத்து, கண் மருத்துவர் உள்ள மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

தொலைவில் இருந்து செல்வோர் எதைக் கவனிக்க வேண்டும்?
விழித்திரைக்கு ரத்தம் நின்றுவிட்டால், ஒன்றரை மணி நேரத்துக்குள்ளாகவே மீளாத சேதம் ஏற்பட்டுவிடும். காவாந்தண்டலத்திலிருந்து புறப்பட்டு சென்னை எழும்பூர் அரசு கண் மருத்துவமனையை அடைவதற்குள் அந்த நேரம் கடந்துவிடக்கூடும். எனவே ஃபில்லர் போடும் அறையிலேயே ஹயலுரோனிடேஸ் மருந்து இருப்பு உள்ளதா என்பதை ஊசி போடும் முன் கேட்க வேண்டும். இல்லை என்ற பதில் வந்தால் அங்கே ஃபில்லர் போட்டுக்கொள்வது பாதுகாப்பானது அல்ல.

ஊசியே இல்லாமல் பேனா போன்ற கருவியால் செய்யலாமாமே?
காற்றழுத்தத்தால் ஃபில்லரைத் தோலுக்குள் செலுத்தும் பேனாக்கள் இணையத்தில் விற்கப்படுகின்றன. இவற்றைப் பயன்படுத்த வேண்டாம் என அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2021 அக்டோபரில் எச்சரித்தது. மருந்து எவ்வளவு ஆழத்தில், எந்த இடத்தில் இறங்குகிறது என்பதைக் கட்டுப்படுத்த இயலாது என்பதே காரணம்.

நூல், ஒலி அலை, பிற முறைகள்

நூல் வைத்து இழுப்பது எப்படி?
உடலில் கரையக்கூடிய, சிறு முட்கள் கொண்ட நூலைத் தோலுக்கு அடியில் செலுத்தித் தளர்ந்த திசுவை மேலே இழுத்து நிறுத்துவது இம்முறை. பரவலாகப் பயன்படும் பி.டி.ஓ. வகை நூல் ஏறத்தாழ 6 மாதங்களில் கரைந்துவிடும். பலன் ஓராண்டு வரை, சிலருக்குச் சற்றுக் கூடுதலாக நிற்கும். தோல் குழிவிழுதல், நூல் வெளியே தெரிதல், தொற்று ஆகியவை இதில் வரக்கூடிய சிக்கல்கள்.

ஹைஃபு என்பது என்ன?
குவித்த ஒலி அலையைத் தோலின் ஆழத்துக்கு அனுப்பி, அங்கே நுண்ணிய வெப்பப் புள்ளிகளை உண்டாக்கும் முறை இது. அந்த இடத்தில் புதிய கொலாஜன் உருவாகி, 2 முதல் 3 மாதங்களில் தோல் ஓரளவு இறுகும். புருவத்தை உயர்த்துவதற்காக இவ்வகைக் கருவி ஒன்றுக்கு அமெரிக்காவில் 2009-ல் அனுமதி தரப்பட்டது. முகம் முழுவதும் செய்தாலும் கிடைக்கும் இறுக்கம் மிதமானதே. ஃபேஸ்லிஃப்ட் அளவுக்கு இராது.

நுண்ணூசியுடன் ரேடியோ அலை கொடுப்பது பாதுகாப்பானதா?
நுண்ணூசிகளைத் தோலில் இறக்கி, அவற்றின் நுனியில் ரேடியோ அலை வெப்பம் தரும் இக்கருவிகள் குறித்து அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2025 அக்டோபரில் எச்சரிக்கை வெளியிட்டது. தீக்காயம், தழும்பு, கொழுப்பு இழப்பு, நரம்புச் சேதம் ஆகியவை நேர்ந்ததாக அதில் கூறப்பட்டது. இது மருத்துவ நடைமுறையே. அழகு நிலையச் சேவையாகவோ வீட்டில் செய்துகொள்வதாகவோ கருதக் கூடாது என்றும் அது வலியுறுத்தியது.

சொந்த ரத்தத்தையே முகத்தில் செலுத்துவதால் ஆபத்து இல்லைதானே?
ரத்தம் எடுத்துச் சுழற்றிப் பிரித்த தட்டணுத் திரவத்தை நுண்ணூசியால் செலுத்தும் இம்முறையில் ஒவ்வாமை குறைவு. தொற்று ஆபத்து உண்டு. அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில் உரிமம் இல்லாத ஒரு அழகு நிலையத்தில் இதைச் செய்துகொண்ட மூவருக்கு எச்.ஐ.வி. தொற்று ஏற்பட்டதாக அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2024-ல் அறிவித்தது. ஒருவருக்குப் பயன்படுத்திய ஊசியோ ரத்தம் சேகரிக்கும் குழாயோ மற்றவருக்குப் பயன்படக் கூடாது. உறை பிரிப்பதைக் கண்ணால் பார்ப்பதே பாதுகாப்பு.

மாநிறம், கறுப்புத் தோலுக்குச் சிறப்புக் கவனம் தேவையா?
தேவை. லேசர், ஆழமான ரசாயனத் தோலுரிப்பு ஆகியவற்றுக்குப் பிறகு நம் தோலில் கரும்படலம் படியும் வாய்ப்பு வெள்ளைத் தோலைவிட அதிகம். மேலைநாட்டுத் தோலுக்கு வைக்கும் அளவை அப்படியே வைத்தால் தீக்காயம் ஆகலாம். சிகிச்சைக்குப் பின் மறுநாளே வயல்வெளி வெயிலில் நிற்க நேர்வோர் அதை மருத்துவரிடம் முன்பே சொல்ல வேண்டும்.

யார் செய்யலாம், எங்கே செய்யலாம்?

பியூட்டி பார்லரில் போட்டுக்கொள்ளலாமா?
கூடாது. 1940-ம் ஆண்டு மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருட்கள் சட்டத்தின்படி, உடலின் மேல் தேய்ப்பது, ஊற்றுவது, தெளிப்பது போன்றவையே அழகுசாதனப் பொருள். ஊசியாகப் போடுவது அதில் அடங்காது. மருத்துவராகப் பதிவு செய்யாமல் மருத்துவம் பார்ப்போருக்கு 2019-ம் ஆண்டு தேசிய மருத்துவ ஆணையச் சட்டத்தின் 34-வது பிரிவின்படி ஓராண்டு வரை சிறை, 5 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம்.

எந்தப் படிப்பு படித்த டாக்டரிடம் போக வேண்டும்?
தோல் மருத்துவத்தில் எம்.டி. அல்லது டி.என்.பி. பட்டமோ, பிளாஸ்டிக் அறுவை சிகிச்சையில் எம்.சி.எச். அல்லது டி.என்.பி. பட்டமோ பெற்றவர்கள் இதற்கான முறையான பயிற்சி உடையவர்கள். பயிலரங்கில் பார்த்தோ யூடியூப்பில் பார்த்தோ கற்றுக்கொள்வது அழகுச் சிகிச்சை செய்யப் போதுமான பயிற்சி ஆகாது என தேசிய மருத்துவ ஆணையம் 2022 செப்டம்பரில் வெளியிட்ட வழிகாட்டுதல் கூறுகிறது. சில நாள் வகுப்பில் பெற்ற காஸ்மெட்டாலஜி சான்றிதழ் இப்பட்டங்களுக்கு ஈடாகாது.

பல் டாக்டர்கள் செய்கிறார்களே?
வாய், தாடை, முக அறுவை சிகிச்சையில் எம்.டி.எஸ். பட்டம் பெற்றவர்கள் முக அழகுச் சிகிச்சைகளைச் செய்யலாம் என இந்தியப் பல் மருத்துவக் கவுன்சில் 2022 டிசம்பரில் அறிவித்தது. தோல் மருத்துவர்கள் தரப்பில் இதற்கு எதிர்ப்பு உள்ளது. பி.டி.எஸ். பட்டம் மட்டும் பெற்றவர்களுக்கு அந்த அறிவிப்பு பொருந்தாது.

டாக்டர் உண்மையானவரா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?
ஒவ்வொரு மருத்துவருக்கும் மருத்துவக் கவுன்சில் பதிவு எண் உண்டு. மருந்துச் சீட்டிலும் கட்டண ரசீதிலும் அதைக் குறிப்பிட வேண்டும் என்பது 2002-ம் ஆண்டு மருத்துவ நெறிமுறை விதி. அந்த எண்ணைத் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலின் இணையதளத்தில் சரிபார்க்கலாம். ஆலோசனை சொல்பவர் ஒருவராகவும் ஊசி போடுபவர் வேறொருவராகவும் இருப்பது உண்டு என்பதால், ஊசி போடுபவரின் பெயரையும் பதிவு எண்ணையும் கேட்க வேண்டும்.

மையத்துக்குத் தனி உரிமம் வேண்டுமா?
வேண்டும். 1997-ம் ஆண்டு தமிழ்நாடு தனியார் மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ் பதிவு பெற்றிருக்க வேண்டும். அந்தச் சான்றிதழைப் பார்வையில் படும்படி மாட்டியிருக்க வேண்டும். மாவட்ட அளவில் இப்பணியை மருத்துவம் மற்றும் ஊரக நலப்பணிகள் இணை இயக்குநர் அலுவலகம் கவனிக்கிறது. சான்றிதழில் உள்ள பெயர், முகவரி, செல்லுபடியாகும் தேதி ஆகிய மூன்றையும் ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது.

மருந்து அசலா போலியா என்று எப்படித் தெரியும்?
குப்பியின் பெயர், தொகுதி எண், காலாவதித் தேதி, இறக்குமதி விவரம் ஆகியவற்றைப் பிரிக்கும் முன் பார்த்து, முடிந்தால் படம் எடுத்துக்கொள்ளலாம். போட்டாக்ஸை 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் குளிரில் வைத்திருக்க வேண்டும். கரைத்த பிறகு 24 மணி நேரத்துக்குள் பயன்படுத்த வேண்டும் என்பது மருந்துக் குறிப்பு. அமெரிக்காவில் போலியான அல்லது முறையாகக் கையாளப்படாத ஊசியால் 2024 ஏப்ரல் நடுப்பகுதி வரை 11 மாநிலங்களில் 22 பேர் பாதிக்கப்பட்டனர்.

மருந்து அசலாக இருந்தால் போதுமா?
போதாது, அதைக் கரைக்கும் உப்புநீரும் புதிதாகப் பிரித்ததாக இருக்க வேண்டும். திருப்பத்தூர் மாவட்டம் வாணியம்பாடியில் ஒரே பல் சிகிச்சை இடத்துடன் தொடர்புடைய 10 பேருக்கு மூளையைத் தாக்கும் மெலியாய்டோசிஸ் தொற்று ஏற்பட்டு, 8 பேர் உயிரிழந்தது 2025-ல் வெளியான ஆய்வில் தெரியவந்தது. தூய்மையற்ற கருவியால் திறந்து, மீண்டும் மீண்டும் பயன்படுத்திய உப்புநீர்ப் பாட்டிலே தொற்றுக்கு வழி என்று அந்த ஆய்வு கூறியது. பாதி காலியான பாட்டிலில் இருந்து உப்புநீர் எடுப்பதைக் கண்டால் சிகிச்சையை நிறுத்தச் சொல்ல வேண்டும்.

யார் தவிர்க்க வேண்டும்?

யாருக்கெல்லாம் இது கூடாது?
கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள், 18 வயதுக்கு உட்பட்டோர், முகத்தில் புண்ணோ தொற்றோ உள்ளவர்கள் தவிர்க்க வேண்டும். மயஸ்தீனியா போன்ற தசைத் தளர்ச்சி நோய் உள்ளவர்களுக்குப் போட்டாக்ஸ் பெரும் ஆபத்து. இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்தவர்கள் ரேடியோ அலைச் சிகிச்சையைத் தவிர்க்க வேண்டும். தழும்பு தடித்து வளரும் இயல்புள்ளவர்கள் நூல், நுண்ணூசி ஆகியவற்றுக்கு முன் அதை மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும்.

சர்க்கரை நோய்க்கும் இதயத்துக்கும் மாத்திரை சாப்பிடுவோர் செய்யலாமா?
சர்க்கரை கட்டுக்குள் இல்லாதபோது தொற்றுக்கு வாய்ப்பு அதிகம் என்பதால், அதைக் கட்டுப்படுத்திய பிறகே முடிவு செய்ய வேண்டும். ஆஸ்பிரின் போன்ற ரத்தத்தை இளக்கும் மாத்திரைகளால் ரத்தக்கட்டு கூடும். ஆனால் இதயத்துக்காகத் தரப்பட்ட மாத்திரையை அழகுச் சிகிச்சைக்காகத் தாமாக நிறுத்துவது உயிருக்கு ஆபத்து. அதைக் கொடுத்த மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தக் கூடாது.

செலவும் காலமும்

எவ்வளவு செலவாகும்?
போட்டாக்ஸுக்கு யூனிட் கணக்கிலும், ஃபில்லருக்கு மில்லிலிட்டர் கணக்கிலும், நூலுக்கு எண்ணிக்கையிலும் கட்டணம் வாங்கப்படுகிறது; அரசு நிர்ணயித்த கட்டணம் எதுவும் இல்லை. எடுத்துக்காட்டாக, யூனிட் 300 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் ஜிஎஸ்டி நீங்கலாக 20 யூனிட்டுக்கு 6,000 ரூபாய். நான்கு மாதத்துக்கு ஒருமுறை போட்டால் ஆண்டுக்கு 18,000 ரூபாய். 2025-26-ல் தமிழகத்தில் நூறு நாள் வேலைக்கு நிர்ணயிக்கப்பட்ட 336 ரூபாய் தினக்கூலியில் இது ஏறத்தாழ 54 நாள் கூலி.

மருத்துவச் சிகிச்சைக்கு ஜிஎஸ்டி கிடையாது என்கிறார்களே?
பொதுவான மருத்துவச் சேவைக்கு விலக்கு உண்டு. அழகுக்காகச் செய்யும் சிகிச்சைக்கு அந்த விலக்கு இல்லை. பிறவிக் குறைபாடு, வளர்ச்சிக் குறைபாடு, காயம் ஆகியவற்றால் பாதிக்கப்பட்ட உறுப்பைச் சீரமைக்கும் பிளாஸ்டிக் அறுவை சிகிச்சைக்கு மட்டும் விலக்கு கிடைக்கும். ஜிஎஸ்டி இல்லாமல் ரசீதும் இல்லாமல் செய்வதாகச் சொன்னால், பின்னாளில் முறையிட ஆதாரம் இருக்காது.

காப்பீட்டில் பணம் கிடைக்குமா?
கிடைக்காது. ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை தரும் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் அழகுச் சிகிச்சை சேராது. தனியார் காப்பீடுகளிலும், காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் பொதுவான விலக்குப் பட்டியலின்படி அழகுச் சிகிச்சைக்குப் பணம் இல்லை; விபத்து, தீக்காயம், புற்றுநோய் ஆகியவற்றுக்குப் பிந்தைய சீரமைப்புக்கு மட்டும் உண்டு.

நோயாலோ விபத்தாலோ முகம் மாறியவர்கள் என்ன செய்வது?
அவர்களுக்கு அரசு மருத்துவமனைகளின் பிளாஸ்டிக் அறுவை சிகிச்சைப் பிரிவே முதல் வழி. சென்னையில் கீழ்ப்பாக்கம், ஸ்டான்லி அரசு மருத்துவமனைகளில் இப்பிரிவுகள் இயங்குகின்றன. தொழுநோயால் ஏற்பட்ட குறைபாடுகளுக்கான சீரமைப்பு அறுவை சிகிச்சை, செங்கல்பட்டு அருகே திருமணியில் உள்ள மத்திய தொழுநோய்ப் பயிற்சி மற்றும் ஆராய்ச்சி நிறுவனத்தில் செய்யப்படுகிறது. இவை அழகுச் சிகிச்சையாகக் கருதப்படுவதில்லை.

வீட்டில் கல்யாணம் என்றால் எத்தனை நாள் முன் செய்ய வேண்டும்?
முழுப் பலன் வரவும் வீக்கம் வடியவும், போட்டாக்ஸை குறைந்தது 2 வாரம் முன்பும், ஃபில்லரை 2 முதல் 4 வாரம் முன்பும், நூல் சிகிச்சையை ஒரு மாதம் முன்பும் முடித்திருக்க வேண்டும். ஹைஃபு செய்தால் 3 மாத இடைவெளி தேவை. முகூர்த்தத்துக்குச் சில நாள் இருக்கும்போது முதன்முறையாக எந்தச் சிகிச்சையும் செய்துகொள்ளக் கூடாது.

செலவு குறைந்த வழி எதுவும் இல்லையா?
எஸ்.பி.எஃப். 30-க்குக் குறையாத சன்ஸ்கிரீனை வெளியே செல்லும்போது பூசி, 2 மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடி பூசுவதும், வெயிலில் குடையோ முண்டாசோ பயன்படுத்துவதும், புகையை விடுவதும் புதிய சுருக்கங்களைத் தள்ளிப்போடும். மருத்துவர் சீட்டின்படி வாங்கும் டிரெட்டினாயின் களிம்பு மெல்லிய கோடுகளைக் குறைக்கும். பலன் தெரியச் சில மாதங்கள் ஆகும், கர்ப்பிணிகளுக்கு ஆகாது. காஞ்சிபுரம் அரசு தலைமை மருத்துவமனை, செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை ஆகியவற்றின் தோல் நோய்ப் பிரிவில் ஆலோசனை பெறலாம்.

ஒப்புதலும் புகாரும்

படிவத்தில் கையெழுத்து கேட்டால் போடலாமா?
படித்துப் பார்த்த பிறகே போட வேண்டும். படிக்க இயலாதவர்களுக்குத் தமிழில் விளக்கிச் சொல்ல வேண்டும். சிகிச்சையின் தன்மை, ஆபத்து, மாற்று வழி ஆகியவற்றை விளக்கிப் பெறுவதே செல்லத்தக்க ஒப்புதல் என உச்ச நீதிமன்றம் 2008-ல் சமீரா கோலி வழக்கில் தெளிவுபடுத்தியது. கையெழுத்துப் போட்டுவிட்டதாலேயே, கவனக்குறைவால் நேர்ந்த பாதிப்புக்கு முறையிடும் உரிமை போய்விடாது.

தவறு நேர்ந்தால் எங்கே புகார் கொடுப்பது?
பதிவு இல்லாத மையம் குறித்து மாவட்ட மருத்துவம் மற்றும் ஊரக நலப்பணிகள் இணை இயக்குநரிடமும், மருத்துவரின் நடத்தை குறித்து தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலிடமும் புகார் அளிக்கலாம். மருந்தின் பக்கவிளைவை 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண்ணில் நோயாளியே தெரிவிக்கலாம். சிகிச்சை ஆவணங்களை எழுத்துமூலம் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது மருத்துவ நெறிமுறை விதி.

நஷ்டஈடு கேட்க முடியுமா?
கட்டணம் வாங்கிச் செய்யும் மருத்துவச் சேவை நுகர்வோர் சட்டத்துக்கு உட்பட்டது என உச்ச நீதிமன்றம் 1995-ல் தீர்ப்பளித்துள்ளது. செலுத்திய கட்டணம் 50 லட்சம் ரூபாய் வரை இருந்தால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனு செய்யலாம். 5 லட்சம் ரூபாய் வரை மனுக் கட்டணம் இல்லை. பாதிப்பு நேர்ந்த நாளிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் மனு கொடுக்க வேண்டும்.

இந்த வாரமே செய்யாவிட்டால் சலுகையும் போகும், பலனும் குறையும் என்கிறார்களே?
முகச்சுருக்கம் நோய் அல்ல. ஒரு மாதம் தள்ளிப்போட்டு, இரண்டாவது மருத்துவரிடமும் கருத்துக் கேட்பதால் எந்தப் பலனும் குறைந்துவிடாது. இந்தச் சிகிச்சையில் காலக்கெடுக்கள் எல்லாம் ஊசி போட்ட பிறகுதான் தொடங்குகின்றன: பார்வை மங்கினால் அந்த நிமிடமே மருத்துவமனை, ஆவணத்துக்கு 72 மணி நேரம், வழக்குக்கு 2 ஆண்டு. ஊசி போடும் முன் எந்தக் கெடுவும் இல்லை.